கரையை மிதித்தவர்கள்

ஆனி மாதம் பதினேழாம் நாள், செவ்வாய்க்கிழமை. விடியற்காலை முதல் மேல்காற்று சுழன்றடித்தது. வானத்தில் கையகல மேகம்கூட இல்லை. கருங்காலி வனத்தின் நடுவிலுள்ள பேரேரி கோடை வெயிலில் பாதி வற்றியிருந்தது. எஞ்சிய நீரில், முதுகும் கொம்பும் மட்டும் வெளியே தெரிய, மையாள் என்னும் எருமை சுகமாகப் படுத்திருந்தாள். அவள் முதுகின்மேல் அவளுடைய தோழி வெண்தூவி நின்றுகொண்டிருந்தாள். வெண்தூவி ஓர் உண்ணிக்கொக்கு. எருமைகளின் உடம்பிலுள்ள உண்ணிகளைக் கொத்தித் தின்பதும் ஊர்வம்பு பேசுவதும் அவளுடைய அன்றாடத் தொழில்கள்.

"அக்கா, கரைமேல் பாருங்கள்! அமைச்சர் வருகிறார். வாலை இவ்வளவு உயரத் தூக்கியிருக்கிறார் என்றால், ஏதோ அறிவிக்கப் போகிறார்" என்றாள் வெண்தூவி.

அவள் சொன்னது சரிதான். சிங்க அரசரின் அமைச்சனான கூர்மூக்கன் என்னும் நரி, ஏரிக்கரையின் உச்சியில் ஏறி நின்று தொண்டையைக் கனைத்துக்கொண்டான்.

"வனத்தோரே, கேளுங்கள்! இந்த ஏரி உண்டாகி நூறு ஆண்டுகள் நிறையப் போகின்றன. ஆடி முதல் நாளில் விழா! இதோ, நான் நிற்கும் இந்த இடத்தில் ஒரு கல் நிறுத்தப்படும். யானையைவிட உயரமான கல்! இந்த வனத்தின் வரலாறு அதில் பொறிக்கப்படும்!"

மான்கள் மகிழ்ந்தன. குரங்குகள் கிளைகளை உலுக்கி ஆரவாரம் செய்தன. மையாள் தலையை உயர்த்தினாள்.

"கல்லில் என்ன பொறிக்கப் போகிறீர்கள், அமைச்சரே?"

"நல்ல கேள்வி! எல்லாவற்றையும் நானே இயற்றியிருக்கிறேன்" என்று சொல்லி, கூர்மூக்கன் கண்களை மூடிக்கொண்டு ஒப்பித்தான். "பொன்பிடரிப் பேரரசர் இந்த ஏரியை உண்டாக்கினார். அவருடைய மகனார் எருமைகளிடம் இரக்கங்கொண்டு அவற்றின் தளையை அறுத்தார். வாழ்க அவர்தம் குலம்!"

மையாள் எழுந்தாள். அவள் உடம்பிலிருந்து நீர் சலசலவென்று வழிந்தது. வெண்தூவி தடுமாறிப் பறந்து, மீண்டும் அவள் முதுகில் வந்து அமர்ந்தாள்.

"உண்டாக்கினார் என்கிறீர்களே, இந்தக் கரைக்கு மண்ணை அவரே சுமந்தாரா?"

"பேரரசர் மண் சுமப்பாரா! என்ன பேச்சு இது?"

"அவர் சுமக்கவில்லை என்றால், யார் சுமந்தார்கள்?"

"யாரோ சுமந்தார்கள். ஆணையிட்டவர் அவர்தாமே! வரலாற்றுக்கு அது போதும்."

"எங்களுக்குப் போதாது. எங்கள் தளையை அறுத்தவரைக் கல்லில் புகழ்கிறீர்கள். அந்தத் தளையைக் கட்டியவர் யார் என்று சொல்லவில்லை. எதற்காகக் கட்டினார் என்றும் சொல்லவில்லை. கட்டிய கால்களோடு எங்கள் முன்னோர் செய்த வேலையைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. கட்டியதை விட்டுவிட்டு அவிழ்த்ததை மட்டும் சொல்வது என்ன வரலாறு?"

மரத்தின் மேலிருந்த ஒரு குரங்கு கெக்கலித்தது. "எருமைக்கும் கோபம் வருமா? பிறந்ததிலிருந்து இன்றுதான் பார்க்கிறேன்!"

"நீ பிறந்தே ஐந்து மாதம்தான் ஆகிறது, வாயை மூடு!" என்றாள் வெண்தூவி.

மையாள் எதையும் கற்பனை செய்து கூறவில்லை. எருமைத் தாய்மார்கள் கன்றுகளுக்குச் சொல்லிவரும் செய்தியைத்தான் அவள் கூறினாள். அந்தச் செய்தி இதுதான்: எருமைகளின் சொந்த நிலம், தொலைவில் ஓடும் ஓர் ஆற்றின் படுகை. பொன்பிடரி தம் சிங்கங்களையும் செந்நாய்களையும் அனுப்பி, அங்கிருந்து ஒரு பெரும் மந்தையை வளைத்துப் பிடித்துவந்தார். தப்பி ஓடாதபடி ஒவ்வோர் எருமையின் முன்கால்கள் இரண்டையும் காட்டுக்கொடியால் பிணைத்தார். அந்தப் பிணைப்புக்குத்தான் தளை என்று பெயர். தளையோடு அவை களிமண் சுமந்தன. சுமந்த மண்ணை அடுக்கடுக்காகப் பரப்பி, நீர் கசியாதபடி இறுகும்வரை மிதித்தன. வேலையின்போது விழுந்து இறந்த எருமைகளும் உண்டு. தளையோடே பிறந்து, தளையோடே வளர்ந்த கன்றுகளும் உண்டு. கரை உயர்ந்தது, ஏரி நிறைந்தது, காடு செழித்தது. பின்பு ஒரு நாள் தளைகள் அறுக்கப்பட்டன. அதன் பிறகு அறுத்த கையைத்தான் எல்லோரும் பாடினார்கள்.

அன்று பிற்பகலே மையாள் அரசவைக்குச் சென்றாள். அரசர் செம்பிடரி பொன்பிடரியின் பேரர், இளையவர், கேட்கும் பழக்கம் உள்ளவர். ஆனாலும் அவர் கேட்பதெல்லாம் பெரும்பாலும் கூர்மூக்கனின் வாய்வழியாகவே அவர் காதுக்குச் சென்றது.

"அரசே, எங்கள் முன்னோர் இந்த ஏரியைக் கட்டினார்கள். கல்லில் அது இடம்பெற வேண்டும். இதுவே என் விண்ணப்பம்" என்றாள் மையாள்.

அரசர் வியப்போடு அமைச்சனைப் பார்த்தார். "அப்படியா? நான் கேள்விப்படவில்லையே!"

கூர்மூக்கன் பணிவாக முன்வந்தான். "அரசே, இது தாய்மார்கள் கன்றுகளைத் தூங்கவைக்கச் சொல்லும் கதை. இதைக் கல்லில் பொறித்தால் தங்கள் பாட்டனார் கொடியவர் என்று ஆகிவிடும். சான்று இருந்தால் காட்டச் சொல்லுங்கள். விழா நாளுக்குள் காட்டத் தவறினால், அரச குலத்தைப் பழித்த குற்றத்துக்காக இவளுடைய மந்தை இனி ஏரியில் இறங்கக் கூடாது என்று ஆணையிடுங்கள்."

எருமைக்கு நீர் என்பது வெறும் குடிநீர் அன்று. உச்சிவெயிலில் நீரில் படுக்காத எருமையின் தோல் வெடித்துவிடும். கன்றுகள் ஒரு கோடையைக்கூடத் தாங்கமாட்டா.

"சம்மதமா, மையாள்?" என்று கேட்டார் அரசர்.

மையாளிடம் ஒரு சான்றும் இல்லை. ஆயினும் பின்வாங்கினால் அந்தப் பொய் கல்லேறிவிடும் என்று அவளுக்குத் தெரியும்.

"சம்மதம், அரசே!"

மாலையில் மந்தை முழுவதும் அவளைச் சூழ்ந்துகொண்டது.

"உன் வாய்க்கு எங்கள் ஏரியையா பணயம் வைத்தாய்?" என்று ஒரு தாய் எருமை கத்தினாள். அவள் அருகில் பால்குடி மறவாத கன்று நின்றது.

மந்தையின் மூத்தவர் வளைகொம்பர் முன்னே வந்தார். அவர் மையாளின் பெரியப்பா. "ஏன் அம்மா இந்த வேண்டாத வேலை? கட்டுண்டு கிடந்ததை யாராவது சபையில் போய்ச் சொல்லிக்கொள்வார்களா? என் தந்தையின் முன்கால்களில் தளையின் தழும்பு இருந்தது. சாகும்வரை அதன்மேல் சேற்றைப் பூசி மறைத்தார். அவர் மறைத்ததை நீ ஊரெல்லாம் பறையடிக்கப் போகிறாயா?"

"பெரியப்பா, தாத்தா ஏதாவது தவறு செய்தாரா?"

"என் தந்தையா? ஒருபோதும் இல்லை!"

"பின்பு அவர் ஏன் வெட்கப்பட வேண்டும்? வெட்கம் கட்டியவர்களுக்கு உரியது. நம்மிடம் அதைத் தள்ளிவிட்டு அவர்கள் நிம்மதியாக இருக்கிறார்கள். நாமும் அது நம்முடையது என்று நினைத்துச் சுமக்கிறோம்."

வளைகொம்பரின் கோபம் தணியவில்லை. "அப்படியே இருக்கட்டும். குறுநடையையாவது இனி நிறுத்துங்கள். ஊர் சிரிக்கிறது" என்று முணுமுணுத்தார்.

குறுநடை என்பது எருமைகளின் ஒரு வழக்கம். புதிதாகப் பிறந்த கன்றை முதன்முதலில் ஏரிக்கு அழைத்துச் செல்லும்போது, தாய் சாதாரணமாக நடப்பதில்லை. முன்கால்கள் இரண்டையும் நெருக்கி, ஒன்றன்பின் ஒன்றாக, அடிமேல் அடி வைத்து நடப்பாள். கன்றும் அப்படியே நடக்கப் பழக வேண்டும். ஏன் என்று கேட்டால், "நம் பாட்டிமார் இப்படித்தான் நடந்தார்கள், மறக்கக் கூடாது" என்பார்கள். மற்ற விலங்குகளுக்கு அது பெரும் வேடிக்கை. "காலில் முள் தைத்துவிட்டதா?", "நிலம் சுடுகிறதா?" என்று குரங்குகள் கேலி செய்யும். மான்களும் ஓரக்கண்ணால் பார்த்துச் சிரிக்கும்.

மறுநாள் காலையில் அந்தத் தாய் எருமையின் கன்றுக்குக் குறுநடை பழக்க வேண்டியிருந்தது. அவளோ தயங்கி நின்றாள். மையாளே கன்றின் பக்கத்தில் போய் நின்று, "வா கண்ணே, என்னோடு வா" என்று சொல்லி, ஊர் பார்க்கக் குறுகக் குறுக அடியெடுத்து நடந்தாள். குரங்குகள் சிரித்தன. அவள் தலையைக் குனியவில்லை.

நாட்கள் நகர்ந்தன. மையாள் காடெங்கும் அலைந்தாள். பழைய ஆமைகளைக் கேட்டாள். மதகின் இடுக்குகளில் தேடினாள். எதுவும் அகப்படவில்லை. விழாவுக்கு முந்திய நாளும் வந்துவிட்டது.

இதற்கிடையில் கூர்மூக்கன் தன் கல்லைக் கொண்டுவந்து கரையடியில் போட்டிருந்தான். உண்மையிலேயே அது யானையைவிட உயரமாக இருந்தது. குழி தோண்டக் காட்டுப்பன்றிகளை அழைத்தான். அவற்றின் தலைவனுக்கு மண்கிளறி என்று பெயர்.

"ஐயா, சின்னக் கல்லாக இருந்தால் முழங்காலளவு குழி போதும். இதற்கு ஆழமாகப் போக வேண்டும். கரையின் வயிற்றையே கிழிக்க வேண்டியிருக்கும்" என்றான் மண்கிளறி.

"கிழி! என் சொற்கள் விண்ணை முட்ட வேண்டும்!" என்றான் கூர்மூக்கன்.

பன்றிகள் அகலமாகவும் ஆழமாகவும் தோண்டின. மேலே கிடந்த புல்லும் பருக்கைக்கல்லும் போயின. அதற்குக் கீழே களிமண் வந்தது. பாறைபோல் இறுகிய களிமண். மண்கிளறி தன் கொம்புப்பற்களைக் கொடுத்து நெம்பினான். ஒரு பெரிய பாளம் தோசைபோல் அப்படியே பெயர்ந்து வந்தது. அதன் அடியில் கிடந்ததைப் பார்த்து அவன் வாயைப் பிளந்தான்.

"ஐயா! இங்கே வந்து பாருங்கள்! கால்தடம்! எத்தனை தடம்! ஒரு மந்தையே நடந்திருக்கிறது!"

மற்றொரு பன்றி அடுத்த பாளத்தைப் பெயர்த்தது. அதன் அடியிலும் தடங்கள். அதற்கும் அடியில் தடங்கள். முன்னொரு காலத்தில் ஒவ்வொரு நாளும் மிதித்து முடித்த மண் வெயிலில் காய்ந்திருக்கிறது. மறுநாள் அதன்மேல் புது மண் பரவியிருக்கிறது. ஆகவே அன்றன்றைய தடம் அந்தந்த அடுக்கில் அழியாமல் உறங்கியிருந்தது.

கூர்மூக்கன் எட்டிப் பார்த்தான். அவன் வால் மெல்லத் தாழ்ந்தது.

"மூடு! உடனே மூடு! வேறு இடத்தில் தோண்டலாம்!"

"இவ்வளவு பாடுபட்டுத் தோண்டிவிட்டு மூடுவதா?" என்றான் மண்கிளறி.

"கேள்வி கேட்காதே! மண்ணைத் தள்ளு!"

கரைமேல் பூச்சி பிடித்துக்கொண்டிருந்த வெண்தூவி இதையெல்லாம் பார்த்தாள். அம்புபோல் பறந்தாள். "அக்கா! அக்கா! கரைக்குள்ளே உங்கள் பாட்டிமார் நடந்திருக்கிறார்கள்! நரி அவர்களை மூடப் பார்க்கிறான்!"

மையாள் ஓடினாள். எருமை ஓடி அந்தக் காடு பார்த்ததில்லை. அன்று பார்த்தது. அவள் கரைமேல் ஏறியபோது, பன்றிகள் தோண்டிய மண்ணைக் குழிக்குள் தள்ளத் தொடங்கியிருந்தன. சண்டையிட அவளுக்கு நேரமில்லை. அவள் ஒன்றே ஒன்றுதான் செய்தாள். அந்த மண் குவியலின்மேல் ஏறி, நான்கு கால்களையும் மடக்கிக்கொண்டு, பொத்தென்று படுத்துவிட்டாள்.

"எழுந்திரு!" என்று கத்தினான் கூர்மூக்கன்.

"அரசர் வரட்டும், எழுந்திருக்கிறேன்."

"மண்கிளறி, இவளை நகர்த்து!"

மண்கிளறி முட்டினான். மையாள் அசைபோட்டாள். இரண்டு பன்றிகள் சேர்ந்து தள்ளின. மையாள் காதை ஆட்டி ஈயை விரட்டினாள்.

"ஐயா, படுத்துவிட்ட எருமையை நான் நகர்த்துவதைவிட இந்த ஏரியை வேறு காட்டுக்கு நகர்த்துவது எளிது" என்று மூச்சு வாங்கினான் மண்கிளறி.

வெண்தூவி அதற்குள் அரண்மனை முற்றத்தில் நின்று, அரசர் எழுந்து வரும்வரை ஓயாமல் கூவிக்கொண்டிருந்தாள். அரசர் வந்தார். அவருக்குப் பின்னால் சிங்கங்களும் மான்களும் குரங்குகளும் எருமை மந்தையும் வந்தன. அரசரைக் கண்டதும் மையாள் எழுந்து வணங்கினாள்.

"அரசே, என் சான்று இந்தக் குழிக்குள் இருக்கிறது."

செம்பிடரி குழிக்குள் இறங்கித் தடங்களை நெடுநேரம் பார்த்தார். "குளம்புத் தடங்கள்தாம். எருமையின் குளம்பு என்றும் தெரிகிறது."

கூர்மூக்கன் சிரித்து மழுப்பினான். "எருமைகள் ஏரிக்கு நீர் குடிக்க வருவதில்லையா, அரசே? வந்த தடம், போன தடம்! இதில் என்ன புதுமை?"

"நீர் குடிக்க வந்த எருமை கரைக்கு மேலே நடக்கும், அமைச்சரே. கரைக்கு உள்ளே எப்படி நடக்கும்? இந்த அடுக்குகளில் தடம் விழுந்தபோது ஏரியே இல்லை!" என்றாள் மையாள்.

மண்கிளறி தலையைச் சொறிந்தான். "ஆமாம், அது நியாயமான கேள்வி" என்றான். அமைச்சனின் பார்வை பட்டதும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

கூர்மூக்கன் விடவில்லை. "சரி, உங்கள் முன்னோர் இங்கே மிதித்தார்கள் என்றே வைத்துக்கொள்வோம். ஆசைப்பட்டு வந்திருப்பார்கள்! பேரரசருக்கு உதவ மனமுவந்து வந்திருப்பார்கள்! தளை பின்னாளில் வேறு எதற்காகவோ வந்திருக்கும்! இந்த வேலையைக் கட்டுண்டு செய்தார்கள் என்பதற்கு என்ன அடையாளம்?"

மையாள் கரையோரத்து ஈரமண்ணில் இறங்கி, தன் வழக்கமான நடையில் நடந்தாள். தடங்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகி விலகிப் பதிந்தன. "இது எருமையின் நடை, அரசே. இப்போது குழியில் இருப்பதைப் பாருங்கள்."

குழியிலிருந்த தடங்களோ மிக நெருக்கமாக இருந்தன. ஒன்றின் நுனி மற்றொன்றின் குதியைத் தொட்டுக்கொண்டிருந்தது.

"யாரும் இப்படிக் குறுக்கிக் குறுக்கி நடக்கலாமே!" என்றான் கூர்மூக்கன்.

"நடந்து காட்டுங்கள், அமைச்சரே" என்றார் அரசர்.

கூர்மூக்கன் குழிக்குள் இறங்கினான். முன்கால்களை ஒட்டவைத்தான். ஓர் அடி வைத்தான். இரண்டாம் அடிக்குள் தவளைபோல் எம்பி, மூக்குக் களிமண்ணில் பட விழுந்தான். குரங்குகள் விழுந்து விழுந்து சிரித்தன.

மையாள் குழிக்குள் இறங்கி ஓர் ஓரத்தில் நின்றாள். ஒருமுறை மூச்சை இழுத்துக்கொண்டாள். முன்கால்களை நெருக்கினாள். முதல் தடத்தில் தன் குளம்பை வைத்தாள். பொருந்தியது. அடுத்ததில் வைத்தாள். பொருந்தியது. நூறு ஆண்டுகளுக்கு முன்பு எந்தத் தாய் அங்கே நடந்தாளோ, அவளுடைய அடியில் தன் அடியை வைத்து, ஒன்றுகூடத் தவறாமல், குழியின் மறுமுனைவரை குறுநடை நடந்தாள்.

யாரும் சிரிக்கவில்லை. நேற்றுவரை அந்த நடையைக் கேலி செய்த குரங்குகள் கிளைகளில் அசையாமல் இருந்தன.

"நாங்கள் ஏன் இப்படி நடக்கிறோம் என்று எங்களுக்கே சரியாகத் தெரியாது, அரசே. இன்று தெரிந்துகொண்டோம்" என்றாள் மையாள். "இரண்டு முன்குளம்புகளின் தடங்களுக்கும் நடுவே பாருங்கள்."

அரசர் முகத்தை மண்ணருகே கொண்டுபோனார். ஒவ்வோர் இணைத் தடத்துக்கும் இடையே ஒரு மெல்லிய கோடு சென்றது. முறுக்கிய கொடி ஈரமண்ணில் இழுபட்ட கோடு. முறுக்கின் வரிகூட அழியாமல் இருந்தது. அவற்றுக்கிடையே ஓரிடத்தில் மிகச் சிறிய இணைத் தடம் ஒன்றும் இருந்தது; அதன் நடுவிலும் அந்தக் கோடு இருந்தது.

அப்போது எருமை மந்தையிலிருந்து வளைகொம்பர் வந்தார். அந்தச் சிறிய தடத்தின் அருகே நின்று அதை முகர்ந்து பார்த்தார். பிறகு, முதுமையில் நடுங்கும் தம் முன்கால்களை ஒன்றாக நெருக்கி, அந்தத் தடங்களின்மேல் நடக்கத் தொடங்கினார். அவருக்குப் பின்னால் மந்தை முழுவதும் வரிசையாக நடந்தது. மையாளைத் திட்டிய தாய் எருமையும் தன் கன்றோடு நடந்தாள். கரை அதிர்ந்தது. அந்த அதிர்வை அங்கிருந்த ஒவ்வொரு விலங்கும் தன் காலடியில் உணர்ந்தது.

மறுமுனையை அடைந்ததும் வளைகொம்பர் நிமிர்ந்து உரக்கக் கூறினார். "இது என் தந்தை மிதித்த கரை! இதை நான் இவ்வளவு காலம் சொல்லாமல் இருந்தேன். இனிச் சொல்வேன்!"

சிங்கங்களிடையே முணுமுணுப்பு எழுந்தது. கூர்மூக்கன் மூக்கிலிருந்த மண்ணைத் துடைத்துக்கொண்டு அரசரின் காதருகே ஒதுங்கினான். "அரசே, இதை ஒப்புக்கொள்ளாதீர்கள். தங்கள் பாட்டனார் பெயருக்கு இழுக்கு வந்துவிடும்!"

அவன் கிசுகிசுத்தது மையாளின் காதிலும் விழுந்தது. "இழுக்கு அவர் செய்த செயலில் இருக்கிறது, அமைச்சரே. நாம் சொல்வதால் அது புதிதாகப் பிறப்பதில்லை."

செம்பிடரி அந்தச் சிறிய தடத்தை மீண்டும் ஒருமுறை பார்த்தார். பிறகு மெல்லச் சொன்னார். "நான் குட்டியாக இருந்தபோது இந்தக் கரைமேல்தான் உருண்டு விளையாடினேன். என் காலுக்கு அடியில் யார் இருந்தார்கள் என்று எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. மையாள், உனக்கு என்ன வேண்டும்? என் பாட்டனாரின் பெயரை நீக்கிவிடச் சொல்கிறாயா?"

"வேண்டாம், அரசே. அவர் ஆணையிட்டார்; அது இருக்கட்டும். எங்களைப் பிடித்துவந்து கட்டினார், அதுவும் இருக்கட்டும். ஆனால் எங்களை இரக்கத்துக்கு உரியவர்கள் என்று மட்டும் எழுதாதீர்கள். நூறு ஆண்டுகளாக எந்த வெள்ளத்துக்கும் உடையாத கரை இது. இதைக் கட்டியவர்கள் என்று எழுதுங்கள். கால்கள் கட்டப்பட்டிருந்தும் இப்படிக் கட்டினார்கள் என்று எழுதுங்கள். எங்கள் கன்றுகள் அதைப் படித்துத் தலை நிமிர வேண்டும். உங்கள் குட்டிகளும் அதைப் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டும்."

அரசர் குழியிலிருந்து மேலேறி, எல்லோருக்கும் கேட்கும்படி கர்ச்சித்தார். "வனத்தோரே! இந்த ஏரியைக் கட்டியவர்கள் எருமைகள்! நாம் குடிக்கும் ஒவ்வொரு துளிக்கும் அவர்களுக்குக் கடமைப்பட்டவர்கள் நாம். இதை என் குலம் மறைத்தது. இன்று நான் அறிவிக்கிறேன்!"

காடு முழுவதும் ஆரவாரம் எழுந்தது. எருமைகள் ஆரவாரிக்கவில்லை. அவை கொம்புகளை உயர்த்தி நின்றன.

அதன்பின் நடந்தவை வருமாறு. விழா ஒரு மாதம் தள்ளிவைக்கப்பட்டது. உயரமான கல்லைப் பன்றிகள் உடைத்தன. அதில் ஒரு சிறிய துண்டு மட்டும் எடுத்துக்கொள்ளப்பட்டது. குழி மூடப்படவில்லை. கரை பலவீனப்படாதபடி அதைச் சுற்றி எருமைகளே களிமண் பரப்பி இறுக மிதித்தன. இந்த முறை ஒருவர் காலிலும் தளை இல்லை. வேலைக்குரிய கூலியாகப் புல்வெளியில் ஒரு பகுதியை அரசர் வழங்கினார். தடங்களின்மேல் மழை படாமலிருக்கப் புற்கூரை வேயப்பட்டது. அதன் வாயிலில் நின்ற சிறு கல்லில், "பொன்பிடரி ஆணையிட்டார்; ஆற்றுப் படுகையிலிருந்து பிடித்துவரப்பட்டு அடிமைகளாக்கப்பட்ட எருமைகள், தளையுண்ட கால்களால் இந்தக் கரையைக் கட்டினார்கள்" என்று பொறிக்கப்பட்டது. சில சிங்கங்கள் அந்த ஆண்டு விழாவுக்கு வரவில்லை. அடுத்த ஆண்டு அவற்றின் குட்டிகள் வந்தன. கூர்மூக்கன் பதவியை இழக்கவில்லை. ஆனால் கல்லிலுள்ள சொற்களை ஆண்டுதோறும் அவனே உரத்த குரலில் படிக்க வேண்டும் என்பது அரசரின் ஆணை. அவனும் நன்றாகவே படித்தான். வளைகொம்பர் அதற்குப் பின் மூன்று கோடைகள் வாழ்ந்தார். கன்றுகளுக்குக் குறுநடை கற்பிக்கும் பொறுப்பை அவரே கேட்டு வாங்கிக்கொண்டார். மையாள் மந்தையின் தலைவியானாள். ஒருமுறை அண்டை வனத்துக் கழுதைகள் விழாவுக்கு வந்து, தடங்களைப் பார்த்து, கல்லைப் படித்து, ஊர் திரும்பின. அந்த மாதமே அவை தங்கள் சிறுத்தை அரசரின் வாயிலில் நின்று, "நம் மலைப்பாதையை வெட்டியவர்கள் யார்?" என்று கேட்டன.

அடிமைப்படுத்தப்பட்டவர்களின் உழைப்பை ஊரறியப் போற்றுவதால் எந்த நாட்டின் பெருமையும் குறைவதில்லை. அதை மறைப்பதால்தான் குறைகிறது.